டாக்டர் தலிமெரென் ஆவோ

விளையாட்டும் படிப்பும் ஒருவனிடத்தே ஒருங்கு நிற்றல் அரிது என்பது நம் பெற்றோரிற் பலருடைய எண்ணம். பரீட்சையிற் றேறாத மாணவன் காற்பந்தாடுபவனாயிருப்பின் குற்றம் முழுவதும் பந்தின்மேல் ஏறும். தேறாதவன் பந்தையே தொடாதவனாயிருப்பின் அவன் தலைவிதி என்று விட்டுவிடுவர். இவ்வழக்கிலே பந்தின் பக்கம் நின்று பேசத்தக்க சாட்சி ஒருவர் உளர். சுதந்திர இந்தியாவின் காற்பந்துக் குழு முதன்முதலாக ஒலிம்பிக் பந்தயத்திற் கலந்துகொண்டபொழுது அதற்குத் தலைமை பூண்டவர் அவர். அப்பொழுது அவர் வைத்தியக் கல்லூரி மாணவர். ஆயினும் அவர் தரும் சாட்சி, விளையாட்டுப் பிரியர் எதிர்பார்க்குமளவு எளிதானதன்று. அவருடைய வரலாற்றை முழுவதும் பார்த்தே தீர்ப்புக் கூறல் வேண்டும்.

தலிமெரென் ஆவோ 1918-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 28-ஆம் நாள், அக்காலத்தில் அஸ்ஸாமைச் சேர்ந்திருந்த நாகர் மலை ஜில்லாவில், சாங்கி என்னும் சிற்றூரிற் பிறந்தார். அவ்வூர் இன்று நாகாலாந்து மாநிலத்து மொகொக்சுங் மாவட்டத்தில் உள்ளது. ஆவோ என்பது அவர்தம் குலத்தின் பெயர். நாகர் என நாம் பொதுப்படக் கூறுவோருள் பல குலத்தார் உளர். அவரவர் மொழியும் வேறு வேறு. அமெரிக்க பாப்டிஸ்டு மிஷனைச் சேர்ந்த கிளார்க் என்பார் 1872-இல் ஆவோ நாட்டினுட் புகுந்து ஊழியந் தொடங்கினார். 1894 முதல் இம்பூர் என்னுமிடம் அம்மிஷனுக்குத் தலைமை நிலையமாயிற்று. பள்ளியும் ஆலயமும் ஊழியர் வீடுகளும் ஒரே மதிலுக்குள் அமைந்த மிஷன் வளாகம் இன்னதென்று வட ஆர்க்காட்டுப் பக்கத்தில் வளர்ந்த நமக்கு எவரும் வருணித்துக் காட்ட வேண்டுவதில்லை.

அவருடைய தந்தையார் சுபோங்வதி என்னும் போதகர். பன்னிரண்டு மக்களுள் தலிமெரென் நான்காமவர். குடும்பம் இம்பூருக்குப் பெயர்ந்தபின் மிஷன் வளாகத்துச் சிறுவரோடு அவர் பந்தாடத் தொடங்கினார். பந்து என்றது தோற்பந்தையன்று. கந்தைத் துணியைச் சுருட்டி இறுகக் கட்டியதையே. மலைச்சரிவில் சமநிலம் காண்பது அரிது; உருண்டோடும் பந்தைத் துரத்திப் பள்ளத்தில் இறங்குவதைவிட அதைக் காலருகே வைத்துக்கொள்வதே இலாபம். பிற்காலத்தில் அவருடைய ஆட்டத்திற் கண்டோர் வியந்த அடக்கத்திற்கு இதுவே முதற் பாடமாயிருந்திருக்கலாம் என்பது என் கருத்து.

1933-இல் இம்பூர்ப் படிப்பை முடித்துக்கொண்டு ஜோர்ஹாட் நகரத்து மிஷன் உயர்தரப் பள்ளியிற் சேர்ந்தார். இரண்டாண்டு கழிந்து, 1935-இல், தந்தையார் டைபாய்டு சுரத்தால் மாண்டார். மைந்தனுக்கு வயது பதினேழு. போதகர் தம் மகனிடத்தே விட்டுச்சென்ற விருப்பம் ஒன்றே: அவன் வைத்தியம் பயின்று தன் மக்களுக்குத் தொண்டு செய்தல் வேண்டும் என்பது. நாகர் மலையில் அந்நாளில் பட்டம் பெற்ற வைத்தியர் மிக அரியர். தகுந்த மருத்துவம் இன்றியே மலையூர்களில் உயிர்கள் பல சுரங்களுக்கு இரையாயின. ஆதலின் அவ்விருப்பம் ஒரு தந்தை தன் மகன் பெரிய உத்தியோகம் பார்க்க வேண்டுமென்று கொள்ளும் ஆசை போன்றதன்று. தந்தை மகன்மேல் வைத்த கடன் அது. அக்கடனைத் தீர்க்கத் தலிமெரெனுக்குப் பதினைந்தாண்டு சென்றது. அப்பதினைந்தாண்டின் வரலாறே இக்கட்டுரையிற் பெரும்பகுதி.

ஜோர்ஹாட்டிலிருந்து கௌஹாத்தி நகரத்துக் காட்டன் கல்லூரிக்கு வந்தார். அங்கே கல்லூரிக்காகவும், மகாராணா சங்கம் என்னும் நகரக் குழுவிற்காகவும் ஆடினார். முன்வரிசையில் நின்று கோல் அடிப்பவராய் அவர் பெயர் பெற்றது இங்கேதான். ஓட்டம், தாண்டல் முதலிய போட்டிகளிலும் பரிசில் பெற்றார். அக்குழுவில் உடன் ஆடிய சரத் தாஸ் என்னும் நண்பர் பின்னர்க் கல்கத்தாவுக்குச் சென்று மோகன் பகான் சங்கத்திற் சேர்ந்தார். தலிமெரெனும் அந்நகருக்கே சென்றார்; ஆயின் பந்துக்காக அன்று. 1942-இல் கல்கத்தாக் கார்மைக்கேல் வைத்தியக் கல்லூரியில் அவருக்கு இடங் கிடைத்தது.

ஈண்டு நம் ஊரையும் நினைத்துக்கொள்வது தகும். அதே 1942-ஆம் ஆண்டில், ஐடா ஸ்கடர் அம்மையார் வேலூரில் பெண்களுக்கென நிறுவிய வைத்தியப் பள்ளி, எம்.பி.பி.எஸ். பட்டத்திற்குரிய கல்லூரியாக உயர்ந்தது. ஆடவர் அதிற் சேர 1947 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. ஆகவே மிஷன் பள்ளியில் வளர்ந்த நாக இளைஞன் ஒருவன் அவ்வாண்டில் வைத்தியம் பயில வேலூருக்கு வந்திருத்தல் இயலாது. வந்திருந்தால் இந்தியா ஒரு தலைவனை இழந்திருக்கும். நமது கோட்டை மைதானம் ஒருவனைப் பெற்றிருக்கும்.

கல்கத்தாவில் மோகன் பகான் என்றால் வெறும் ஆட்டச் சங்கம் அன்று. 1889-இல் தோன்றிய அச்சங்கம் 1911-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 29-ஆம் நாள் கிழக்கு யார்க்ஷயர்ப் பட்டாளத்தாரை இரண்டுக்கு ஒன்று என்னும் கணக்கில் வென்று ஐ.எப்.ஏ. கேடயத்தைக் கைக்கொண்டது. ஆங்கிலப் பட்டாளத்தார் பூட்ஸ் அணிந்தவர். வங்காளிகள் பதினொருவருள் பதின்மர் வெறுங்காலர். பூட்ஸ் அணிந்திருந்த ஒருவர் சுதீர் சட்டர்ஜி என்னும் கிறிஸ்தவர், மிஷன் கல்லூரி ஆசிரியர், பிற்காலத்திற் குருப்பட்டமும் பெற்றவர். வரலாறு படைத்த அக்குழுவில் நம் போன்ற கல்லூரிகளுக்கும் ஒரு பங்கு உண்டென்பதைப் பெருமையோடு குறித்துவைக்கிறேன்.

1943-இல் தலிமெரென் இச்சங்கத்திற் சேர்ந்தார். கௌஹாத்தியில் முன்வரிசையில் நின்றவரை இங்கே ஹாப்-பேக் இடத்திற்கு இறக்கினர். முன்வரிசை ஆட்டக்காரனுடைய புகழ் கோலோடு வருவது. கூட்டம் அவன் பெயரைக் கூவும். ஹாப்-பேக்குக்குரிய தொழிலோ எதிரி கட்டிக்கொண்டு வரும் தாக்குதலை அதன் இடுப்பிலே முறிப்பதும், பறித்த பந்தைத் தன் முன்னவன் காலடிக்குச் சேர்ப்பதுமாம். அவன் பிழை செய்தால் எல்லாருங் காண்பர். சரியாகச் செய்தால் அநேகர் கவனிப்பதில்லை. நல்ல உயரமும், பதறாத இயல்பும், சலியாத ஓட்டமும் உடையவராதலின் அவ்விடம் அவருக்குப் பொருந்திற்று. அவர் சேர்ந்த 1943-ஆம் ஆண்டிலும் அடுத்த 1944-ஆம் ஆண்டிலும் மோகன் பகான் கல்கத்தா லீக் பட்டத்தை வென்றது.

வெறுங்கால் ஆட்டத்தைப் பற்றி இங்கே சிறிது விரித்துரைக்க வேண்டும். தோல் நாட்டாராகிய நமக்கு அது பற்றி அறிவது உரிமையுமாம். அக்காலத்துப் பந்து தோற்றுண்டங்களைத் தைத்து, உள்ளே ரப்பர்ப் பை வைத்து, வாயை வாரினால் இழுத்துக் கட்டியது. உலர்ந்த தரையில் அப்பந்தை வெறுங்காலன் விரலாலும் உள்ளங்காலாலும் தொட்டுத் திருப்புவான். பூட்ஸ் அணிந்தவனுக்கு வாராத நுட்பம் அவனுக்கு வரும். ஆனால் கல்கத்தாவின் ஆட்டப் பருவம் மழைப் பருவம். மழை பெய்துவிட்டால் தோல் நீரைக் குடித்துக் கல்லெனக் கனக்கும். தரை சேறாகும், வெறுங்கால் வழுக்கும், ஆணி தைத்த பூட்ஸ் நிலத்தைக் கவ்வி நிற்கும். கணுக்காலிற் றுணியைச் சுற்றிக்கொண்டு அச்சேற்றில் நின்று, எதிரியின் பூட்ஸ் முனைக்கு அஞ்சாது பந்தைப் பறிப்பது எத்தகைய துணிவு என்பதை ஒருமுறை மழையில் ஆடினவரே அறிவர்.

ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பேரணாம்பட்டிலும் இராணிப்பேட்டையிலும் ஆவாரம்பட்டை ஊறிய தொட்டிகளிற் பதனிட்ட தோல் அந்நாளில் மூட்டை மூட்டையாகக் கப்பலேறி இலண்டன் சந்தைக்குச் சென்றது. அத்தோல் பூட்ஸாகும் இடம் கடலுக்கு அப்பால். அதனைப் பதனிட்ட நாட்டு மக்கள் பந்தாடியது வெறுங்காலோடு. வழக்கம், பந்தைத் தொட்டறியும் சுவை எனக் காரணம் பல கூறலாம். விலை என்னும் காரணத்தை முதலில் வைப்பேன்.

படிப்பின் நிலையோ கடினம். ஆட்டப் பருவத்திற்காக வைத்தியக் கல்லூரி தன் பாடங்களை நிறுத்திவைப்பதில்லை. சங்கம் சம்பளம் கொடுப்பதுமில்லை. அக்காலத்து ஆட்டக்காரர் தொழில் முறையில் ஆடினவரல்லர். காலையில் பிண அறுவைச் சாலை, நோயாளர் கட்டில், மாலையில் மைதானம். அதற்கு மேலும் காலமோ பொல்லாதது. 1943-இல் வங்காளத்தைப் பெரும் பஞ்சம் பற்றியது. கல்கத்தா வீதிகளிலேயே மாந்தர் பசியால் மாண்டனர். 1944-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் ஜூன் வரை ஜப்பானியப் படை நாகர் மலையினுட் புகுந்து கொஹிமாவைச் சூழ்ந்து போரிட்டது. பிறந்த மலையில் பீரங்கி முழங்க, அம்மலையின் மைந்தன் நெடுந்தொலைவில் இருந்து உடற்கூறு படித்துக்கொண்டிருந்தான். 1946 ஆகஸ்டில் கல்கத்தாவே கலகத்தால் இரத்தக்களமாயிற்று.

கார்மைக்கேல் கல்லூரியில் 1942-இற் சேர்ந்த தலிமெரென் பட்டம் பெற்றது 1950-இல். எட்டாண்டுகள்! இதனை நான் மறைக்க விரும்பவில்லை. பஞ்சமும் போரும் கலகமும் பந்தும் அவருடைய காலத்தைத் தத்தமக்கு வேண்டியவாறு பங்கிட்டுக்கொண்டன என்றே கூறவேண்டும். விளையாட்டு காலத்தைக் கொள்ளாது என்று வாதிப்பவர் அதனை ஆடாதவராகவே இருத்தல் வேண்டும். பந்தின் பக்கத்துச் சாட்சி எளிதானதன்று என்று முதலிற் கூறியது இதுபற்றியே.

1947-இல் நாடு விடுதலையடைந்தது. அவ்வாண்டிலும் 1948-இலும் மோகன் பகான் கேடயத்தை வென்றது. 1948-இல் இலண்டன் ஒலிம்பிக் பந்தயத்திற்கு இந்தியக் காற்பந்துக் குழுவைத் தெரிந்தெடுத்தபொழுது தலைமை தலிமெரெனுக்கு அளிக்கப்பட்டது. குழுவிற்குப் பயிற்சியாளர் பலாய்தாஸ் சட்டர்ஜி. அக்குழுவினர் பெயர்களைப் படித்தால் நமக்கு ஒரு வியப்பு. வங்காளத்துப் பெயர்களோடு வரதராஜ், வஜ்ரவேலு, தன்ராஜ், சாரங்கபாணி இராமன் என்று நம் செவிக்குப் பழகிய பெயர்கள் வரிசையாக வருகின்றன. இவர்கள் மைசூர்ப் பக்கத்தார்; ஜோலார்பேட்டையில் வண்டி மாறினால் நாம் சென்றடையும் பெங்களூர், கல்கத்தாவிற்கு அடுத்தபடியாக அந்நாளில் காற்பந்து செழித்த நகரங்களுள் ஒன்று. வடகிழக்கு மலைநாட்டுக் கிறிஸ்தவர் தலைவராக, வங்காளியும் முஸ்லிமும் தென்னாட்டாரும் உடன் நிற்க, ஓராண்டே நிரம்பாத சுதந்திர நாட்டின் குழு கடல் கடந்தது. தேசம் இரண்டாகப் பிளந்த மறு ஆண்டு அது என்பதையும் நினைவிற் கொள்க.

1948 ஜூலை 29-ஆம் நாள் வெம்பிளி அரங்கில் பந்தயங்கள் தொடங்கின. நாட்டுக் கொடிகள் அணிவகுத்துச் சென்றபொழுது இந்தியாவின் மூவர்ணக் கொடியைத் தாங்கி முன்னே நடந்தவர் தலிமெரென் ஆவோ. பட்டாளத்தாரை வென்று மோகன் பகான் கேடயம் பெற்றதும் ஜூலை 29. இடையே சென்றவை சரியாக முப்பத்தேழு ஆண்டுகள். அன்று அரசாண்டவர் தலைநகரிலே இன்று தனிக்கொடி!

ஜூலை 31-ஆம் நாள் இலண்டனின் கீழ்ப்பக்கத்து இல்போர்டு என்னும் ஊரில் பிரான்சு நாட்டுக் குழுவோடு இந்தியர் ஆடினர். நம்மவருட் பெரும்பாலோர் வெறுங்காலர். நம் நாட்டுப் பந்தயங்களிற் பழகிய நேரத்தினும் நீண்டது அங்கே ஆட்ட நேரம். தொண்ணூறு நிமிடம் ஆடவேண்டும். முப்பதாம் நிமிடத்தில் பிரெஞ்சுக்காரர் ஒரு கோல் போட்டனர். இந்தியர் மனந்தளரவில்லை. பந்து அவர்கள் காலில் தவழ்ந்து திரிந்ததைக் கண்டு அயல்நாட்டார் வியந்தனர். இருமுறை நமக்குப் பெனால்டி உதை கிடைத்தது. ஒன்றைச் சைலேன் மன்னாவும் மற்றொன்றை மகாபீர் பிரசாதும் தவறவிட்டனர். எழுபதாம் நிமிடத்தில் சாரங்கபாணி இராமன் பந்தை வலைக்குட் செலுத்திக் கணக்கைச் சமன் செய்தார். சுதந்திர இந்தியாவின் முதற் சர்வதேசக் கோல் அது. அதை அடித்தவர் தமிழ்ப் பெயர் தாங்கியவர் என்பதை நம் மாணவரில் எத்தனை பேர் அறிவர்? ஆட்டம் முடிய ஒரு நிமிடமே இருக்கையில் பிரான்சு மற்றொரு கோல் போட்டது. இரண்டுக்கு ஒன்று என்று இந்தியா தோற்றது.

பெனால்டி தவறியவரைத் தூற்றுவது எளிது. ஆயினும் பதினேழாயிரம் பேர் சூழ்ந்த அரங்கில், நாட்டின் பெயர் தன் காலின் மேல் நிற்க, பன்னிரண்டு கஜத்திற்கு அப்பால் கோலியை நோக்கி நிற்கும் நிலையில் நம்மில் எவர் கால் நடுங்காது? பின்னாளில் மன்னா இந்தியக் குழுவின் தலைவராகி 1951-இல் டில்லி ஆசியப் பந்தயத்தில் தங்கப் பதக்கம் பெற்றுத் தந்தார். தலிமெரெனும் மன்னாவும் மோகன் பகானில் உடன் ஆடியவர். தோல்வி அவர்கள் நட்பைத் தொடவில்லை.

ஒலிம்பிக் முடிந்தபின் நம்மவர் ஐரோப்பாவிற் சில இடங்களில் ஆடி, ஆம்ஸ்டர்டாம் நகரத்து அயாக்ஸ் சங்கத்தையும் வென்றனர். இலண்டனின் ஆர்சனல் சங்கம் தலிமெரெனைத் தன் குழுவிற் சேர்த்துக்கொள்ள அழைத்ததாகவும், வைத்தியப் படிப்பை முன்னிட்டு அவர் மறுத்ததாகவும் ஒரு செய்தி பெரிதும் வழங்கி வருகிறது. வாய்வழி வந்த செய்திக்குரிய மதிப்பையே இதற்குத் தருகிறேன். அவ்வழைப்பை நீக்கிவிட்டு நோக்கினும் அவர் பெருமை குறைவதில்லை. முப்பது வயது, நாட்டுக் குழுவின் தலைமை, கல்கத்தா நகரெங்கும் புகழ். இவற்றோடு திரும்பியவர் மறுபடியும் மாணவனாய்ப் பெஞ்சியில் அமர்ந்தாரே, அது போதும். அவர் சேர்ந்த கல்லூரியின் பெயரும் அதற்குள் மாறிவிட்டது. 1948 மே மாதத்தில் அது அதன் நிறுவனர்களுள் ஒருவராகிய ராதாகோவிந்த கர் பெயரால் வழங்கலாயிற்று. கார்மைக்கேல் கல்லூரியினுட் புகுந்தவர் 1950-இல் ஆர்.ஜி. கர் கல்லூரியினின்றும் எம்.பி.பி.எஸ். பட்டம் பெற்று வெளிவந்தார். தந்தையார் மறைந்து பதினைந்தாண்டு நிரம்பியிருந்தது.

அவ்வாண்டிலே பிரேசில் நாட்டில் நடந்த உலகக் கோப்பைப் பந்தயத்திற்கு இந்தியா தகுதி பெற்றும் செல்லவில்லை. வெறுங்காலோடு ஆட இடந்தராமையே காரணம் என்று பலர் நம்புகின்றனர். அது முழு உண்மையன்று. ஒலிம்பிக்கையே பெரிதாகக் கருதிய சபையார் உலகக் கோப்பையின் அருமையை உணரவில்லை என்பதே பொருந்தும். 1952-இல் ஹெல்சிங்கி நகரின் குளிரில் யூகோஸ்லாவியா பத்துக்கு ஒன்று என்று நம்மை முறியடித்த பின்னரே பூட்ஸ் கட்டாயமாக்கப்பட்டது. அந்த ஆண்டோடு தலிமெரென் மோகன் பகானில் ஆடுவதும் முடிவுற்றது.

பட்டம் பெற்றபின் அவர் திப்ருகாரில் உள்ள அஸ்ஸாம் வைத்தியக் கல்லூரியில் காது, மூக்கு, தொண்டைப் பிரிவிற் பணியாற்றினார். 1953-இல் கொஹிமா மருத்துவமனைக்கு உதவி சிவில் சர்ஜனாகச் சென்றார். நகரத்தில் மருத்துவம் செய்திருந்தால் ஆட்டக்காரர் என்னும் பெயரே நோயாளரைக் கூட்டியிருக்கும். கல்கத்தா தன் வீரரை எளிதில் மறப்பதில்லை. அவர் சென்றதோ போரில் இடிந்து மீண்டும் எழுந்துகொண்டிருந்த மலையூருக்கு. சில ஆண்டுகளுக்குள் அம்மலையிலே மறுபடியும் துப்பாக்கிச் சத்தம் எழுந்தது. இரு திறத்தாருக்கும் இடையே மலைமக்கள் அல்லலுற்ற காலம் அது. சர்க்கார் மருத்துவமனையின் வைத்தியருக்கு அக்காலம் எத்தகைய சோதனையாயிருக்கும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. அவர் மலையை விட்டு நீங்கவில்லை. 1963 டிசம்பர் முதல் நாள் நாகாலாந்து தனி மாநிலமாயிற்று. பின்னர் அம்மாநிலத்துச் சுகாதாரத் துறைக்கே இயக்குநராகி 1978-இல் ஓய்வு பெற்றார். பந்தோடு கழித்த புகழ்மிக்க காலம் பத்தாண்டு. மருந்தோடு கழித்தது இருபத்தைந்தாண்டுக்கு மேல். முன்னதைப் பத்திரிகைகள் எழுதின. பின்னதை எழுதுவார் சிலரே.

டாக்டர் தலிமெரென் ஆவோ 1998-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 13-ஆம் நாள் எண்பதாம் வயதிற் காலஞ்சென்றார். வடகிழக்கு மாநிலங்களின் இளைஞருக்கென அவர் பெயரால் ஒரு காற்பந்துப் போட்டி பின்னர் ஏற்படுத்தப்பட்டது. அதில் ஆட இறங்கியவர் அனைவரும் பூட்ஸ் அணிந்தே இறங்கினர்.